ஓடு ஒன்று, இனம் இரண்டு

(எமது சங்கத்தின் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விஞ்ஞானம் பயிலும் மாணவன் என்ற முறையில், அத்துறைப் பொருள் ஒன்றைப் பற்றி இம்மேடையிற் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். வான்வெளியைப் பற்றியோ அணுசக்தியைப் பற்றியோ பேசுவேன் எனச் சிலர் எதிர்பார்த்திருத்தல் கூடும். யான் எடுத்துக்கொண்ட பொருளோ நத்தை. இச்சொல்லைக் கேட்டதும் சில முகங்களிற் புன்னகை அரும்புகிறது. ஆயினும் எமது கோயில்களிலே பூசை வேளையில் முழங்கும் சங்கு, கடலில் வாழும் ஒரு வகை நத்தையின் ஓடே என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். அதற்கு நன்னீரிலே தூரத்துச் சுற்றத்தார் பலர் உளர். அவருள் ஒரு குடும்பத்தாரைப் பற்றியே இன்று பேசப்போகிறேன்.

அக்குடும்பத்தைச் சேர்ந்த நத்தைகள் 1980ஆம் ஆண்டை அண்டிய காலந்தொட்டு ஆசிய நாடுகளின் நெல்வயல்களிலே பெருநாசம் விளைத்து வருகின்றன. ஆனால் அந்த நாசத்தை விளைத்தது ஓர் இனமா, இரண்டு இனங்களா என்பதையே உலகம் நெடுங்காலம் தெளிவாக அறியாதிருந்தது. அறியாமலே மருந்து தெளித்தது. அறியாமலே சட்டம் இயற்றியது. அந்த மயக்கத்தைத் தீர்த்து வைத்தது டி.என்.ஏ. ஆராய்ச்சி. பகையை வெல்ல விரும்புவோன் முதலில் அதன் பெயரைச் சரியாக அறிதல் வேண்டும் என்பதே எனது உரையின் சாரம்.

முதலில், இனம் என்று விஞ்ஞானிகள் கூறுவது யாது எனப் பார்ப்போம். தம்முள்ளே கூடி இனம்பெருக்கி, பிற கூட்டத்தோடு பெரும்பாலும் கலவாது வாழும் உயிர்க்கூட்டத்தை ஓரினம் என்பர். நெருங்கிய இனங்கள் பல சேர்ந்தது ஒரு சாதி. சாதிகள் பல சேர்ந்தது ஒரு குடும்பம். உருவத்தால் ஒத்திருப்பவையெல்லாம் ஓரினமல்ல என்பதை எமது கமக்காரர் நன்கறிவர். வயலிலே நெல்லோடு முளைக்கும் ஒருவகைப் புல் இளமையில் நெல்லைப் போலவே நிற்கும். புதியவர் ஏமாறுவர். அனுபவமுள்ளவரோ இலையும் தண்டும் சேருமிடத்தைப் பார்ப்பர். நெல்லுக்கு அவ்விடத்திலே சிறு நாக்குப் போன்ற மெல்லிய சவ்வு உண்டு. அந்தப் புல்லுக்கு இல்லை. எங்கே பார்க்க வேண்டும் என்பதை அறிந்திருத்தலே இனங்காணும் கலையின் அடிப்படை. நத்தை விஷயத்தில் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நூற்றாண்டுகள் சென்றன.

நாம் பேசப்போகும் குடும்பத்தை அப்பிள் நத்தைக் குடும்பம் என்பர். உருண்டு திரண்ட பெரிய ஓடுடையமையால் அப்பெயர் வந்தது. இவை நீரில் மூச்சுவிடப் பூவும், காற்றில் மூச்சுவிட நுரையீரலும் ஒருங்கே உடையன. எமது குளங்களிலும் வயல்களிலும் காணப்படும் பெரிய நத்தை இக்குடும்பத்துப் பைலா என்னும் சாதியைச் சேர்ந்தது. அமெரிக்கக் கண்டங்களில் வாழும் உறவினர் பொமேசியா என்னும் சாதியினர். எமது கதையின் நாயகர்கள் இந்தப் பொமேசியாக்களே.

1979, 1980ஆம் ஆண்டளவிலே தென்னமெரிக்காவிலிருந்து பொமேசியா நத்தைகள் தாய்வானுக்குக் கொண்டுவரப்பட்டன. விரைவில் வளரும், நிறையப் பெருகும், உண்ணவும் ஏற்றுமதி செய்யவும் உதவும் என்பது எண்ணம். அங்கிருந்தும் பிற வழிகளாலும் 1980களிலே யப்பான், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, வியட்நாம் முதலிய நாடுகளுக்கும் அவை பரவின. மக்கள் அவற்றின் சுவையை விரும்பவில்லை. சந்தை வீழ்ந்தது, தொட்டிகளிலிருந்து தப்பியவையும் கைவிடப்பட்டவையும் வாய்க்கால் வழியே வயலுக்குள் புகுந்தன. முளைத்துச் சில வாரங்களேயான இளம் நெற்பயிரை அவை அடியோடு கத்தரித்து உண்டன. நீர்மட்டத்துக்கு மேலே, நெல்லின் தண்டிலும் வரம்பிலும், இளஞ்சிவப்பு முட்டைக் கொத்துகளை இட்டன. அம்முட்டைகளில் நச்சுப் புரதம் இருப்பதால் அவற்றை உண்ணத் துணியும் பிராணிகளும் மிகச் சில.

இந்த நிலையில் ஏழைக் கமக்காரன் என்ன செய்வான்? கையில் அகப்பட்ட மருந்தைத் தெளித்தான். பிலிப்பைன்ஸ் நாட்டிலே வெள்ளீயம் சேர்ந்த கொடிய மருந்துகள் பெருமளவில் உபயோகிக்கப்பட்டன. நத்தைக்கு முன்னே மீனும் தவளையும் மடிந்தன. வெறுங்காலோடு சேற்றில் இறங்கிய உழவரின் தோலும் நகமும் பாதிக்கப்பட்டன. பின்னர் அம்மருந்துகள் தடைசெய்யப்பட்டன. ஒரு சிறு பிராணியைப் பற்றிய அறிவின்மைக்கு மனிதர் தம் உடம்பினாலேயே விலை செலுத்தினர் எனலாம்.

இத்தனை நாசத்துக்கும் காரணமான நத்தைக்கு, பெரும்பாலோர் வழங்கிய விஞ்ஞானப் பெயர் பொமேசியா கனாலிக்குலாற்றா என்பது. உலகின் மிகக் கொடிய 100 அந்நிய இனங்களின் பட்டியலிலும் இப்பெயரே இடம்பெற்றது. ஆயினும் சில நாடுகளிலே பிடித்த நத்தைகள் சற்றே வேறுபட்டிருப்பதாக ஆராய்ச்சியாளர் ஐயுற்றனர். அவற்றுக்கு இன்சுலாரம் என்றும், கிகாஸ் என்றும், வேறுவிதமாகவும் பெயர்கள் வழங்கின. ஒருவர் ஒன்றென்றதை மற்றவர் வேறொன்றென்றார். ஒரு பெயரின்கீழ் எழுதிய ஆராய்ச்சி முடிவு மற்றைய நத்தைக்குப் பொருந்துமோ பொருந்தாதோ என்பது எவருக்கும் தெரியாதிருந்தது.

இக்குழப்பம் எங்கிருந்து வந்தது? இந்நத்தைகளுக்குப் பெயரிட்டவர்கள் பழங்காலத்து ஐரோப்பிய இயற்கை ஆராய்ச்சியாளர். 1810ஆம் ஆண்டில் பெரி என்னும் ஆங்கிலேயர் ஒரு நத்தைக்கு மக்குலாற்றா எனப் பெயரிட்டார். 1822இல் இலமாக்கு என்னும் புகழ்பெற்ற பிரான்சிய அறிஞர் கனாலிக்குலாற்றா என்ற பெயரை வழங்கினார். 1827இல் கிகாஸ் என்ற பெயரை ஸ்பிக்ஸ் என்பாரும், 1835இல் இன்சுலாரம் என்ற பெயரைத் தோர்பினி என்பாரும் இட்டனர். அவர்கள் பெரிதும் ஓட்டை நம்பியே பெயரிட்டனர். ஓடோ நம்பத்தக்க சாட்சியன்று. ஒரே இனத்து நத்தைகளுள்ளும் வயது, உணவு, நீரிலுள்ள கல்சியம் என்பனவற்றுக்கேற்ப ஓட்டின் பருமனும் தடிப்பும் நிறமும் வேறுபடும். அதேவேளை, இருவேறு இனங்கள் ஒரே வகைச் சூழலில் வாழும்போது அவற்றின் ஓடுகள் ஒன்றுபோலத் தோன்றுதலும் உண்டு.

இலத்தீன் பெயர்கள் செவிக்குச் சுமையாகும் என்பதால், இவ்வுரையின் வசதிக்காக அவற்றின் பொருளைத் தமிழாக்கி, கனாலிக்குலாற்றாவை வாய்க்கால் நத்தை என்றும், மக்குலாற்றாவைப் புள்ளி நத்தை என்றும் அழைப்பேன். ஓட்டின் சுற்றுகள் சேருமிடத்திலே வாய்க்கால் போன்ற பள்ளம் இருப்பது முன்னதன் பெயர்க்காரணம். அந்தப் பள்ளம் புள்ளி நத்தைக்கும் உண்டு! பெயரும் கைகொடாத இடத்திலே, விஞ்ஞானிகள் ஓட்டை விட்டு உள்ளே நோக்கத் தொடங்கினர்.

டி.என்.ஏ. என்பது உயிரினங்களின் ஒவ்வொரு கலத்தினுள்ளும் உள்ள மிக நுண்ணிய நீண்ட இழை. 1953ஆம் ஆண்டிலே உவாட்சன், கிரிக் என்னும் இருவர், உரோசலிண்ட் பிராங்கிளின் அம்மையாரின் ஆய்விற் கிடைத்த எக்ஸ் கதிர்ப் படங்களின் துணையும் கொண்டு, அது முறுக்கிய ஏணி போன்ற இரட்டைச் சுருள் எனக் காட்டினர். அந்த ஏணியின் படிகள் அடினீன், தைமீன், குவானீன், சைற்றோசீன் என்னும் நான்கு மூலங்களால் ஆனவை. இந்நான்கையும் நான்கு எழுத்துகளாகக் கொண்டால், ஓருயிரின் உடலமைப்புக்கான கட்டளைகள் யாவும் அவற்றால் எழுதப்பட்ட ஒரு பெருநூல் எனலாம். பெற்றோர் பிள்ளைகளுக்கு வழங்குவது அந்நூலின் பிரதியையே.

பிரதி என்றதும் எமது ஏட்டுச் சுவடிகள் நினைவுக்கு வருகின்றன. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையைப் பதிப்பித்தார்கள். அவர்களைப் போன்ற பதிப்பாசிரியர்கள் பல ஏடுகளைத் தேடியெடுத்து ஒப்புநோக்கியே பதிப்பித்தனர். ஏட்டைப் பார்த்து ஏடெழுதுவோர் ஆங்காங்கே ஓரெழுத்தை மாற்றி எழுதிவிடுவர். அவ்வேட்டைப் பார்த்து எழுதுவோரும் அப்பிழையை அப்படியே எழுதுவர். தாமும் புதிதாக ஒன்றிரண்டு சேர்ப்பர். ஆகவே இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்படின், அவை ஒரே மூல ஏட்டிலிருந்து வந்தவை என ஊகிக்கலாம். பாடபேதம் மிகுந்திருப்பின், அவை பிரிந்து நெடுங்காலமாயிற்று எனக் கொள்ளலாம். டி.என்.ஏ.யைக் கொண்டு இனங்காண்போர் செய்வதும் இதுவேதான். தலைமுறை தலைமுறையாகப் பிரதிசெய்யப்படும்போது அங்குமிங்கும் ஓரெழுத்து மாறுகிறது. இரு கூட்டங்கள் தம்முள் கலவாது பிரிந்து வாழுமாயின், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு மாற்றங்கள் சேர்ந்துகொண்டே போகும்.

நூல் முழுவதையும் ஒப்பிட வேண்டியதில்லை. தக்க ஓர் அதிகாரத்தைத் தெரிந்தெடுத்தாற் போதும். கலத்தினுள்ளே சக்தியை உண்டாக்கும் இழைமணி என்னும் சிற்றுறுப்புகள் உள. அவற்றுக்குத் தனியான சிறிய டி.என்.ஏ. உண்டு. அதில் சைற்றோக்குரோம் ஒட்சிடேசு என்னும் புரதத்தின் ஒரு பகுதியை அமைக்கும் பரம்பரையலகு ஒன்று உளது. அதிலே ஏறத்தாழ 650 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு, ஓரினத்துக்குள்ளே பெரிதும் ஒத்தும், இனத்துக்கு இனம் வேறுபட்டும் இருக்கக் காணப்படுகிறது. கடைச் சாமான்களின் மேல் அச்சிட்டிருக்கும் பார்கோட்டைப் போல இத்துண்டை விலங்கினங்களுக்கு உபயோகிக்கலாம் என 2003ஆம் ஆண்டில் கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் ஹீபேர்ட் என்பாரும் அவர்தம் குழுவினரும் எடுத்துரைத்தனர்.

இதனை எவ்வாறு வாசிப்பது? நத்தையின் பாதத்திலிருந்து ஒரு நெல்மணியளவு தசையை வெட்டி மதுசாரத்தில் இடுவர். நத்தையின் உடலிலுள்ள வழுவழுப்பான பசை பின்வரும் வேலைகளைக் கெடுக்கும். ஆகையால் அதனை இரசாயனப் பொருள்களால் நீக்கி, டி.என்.ஏ.யை மட்டும் பிரித்தெடுப்பர். பின்னர் வேண்டிய துண்டை மட்டும் பெருக்குவர். 1983ஆம் ஆண்டில் கேரி மல்லிஸ் கண்ட பொலிமரேசு சங்கிலித் தாக்கம் என்னும் முறை இதற்கு உதவுகிறது. சூடாக்கி இரு இழைகளையும் பிரித்தல், ஆறவைத்துத் துண்டின் இரு முனைகளிலும் அடையாளம் பொருத்துதல், மீண்டும் சற்றுச் சூடாக்கி நொதியத்தால் புதிய இழை கட்டுதல் என்பது ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் துண்டுகளின் தொகை இரட்டிக்கும். சதுரங்கப் பலகையின் கட்டந்தோறும் நெல்மணியை இரட்டித்து வைக்கச் சொன்ன புலவனின் கணக்கை நீங்கள் அறிவீர்கள். அதே கணக்கின்படி 30 சுற்றுகளில் ஒரு துண்டு 107 கோடிக்கு மேலாகும். இவ்வாறு பெருகியதை, 1977ஆம் ஆண்டில் சாங்கர் என்னும் அறிஞர் வகுத்த வழியாலும் அதன்பின் வந்த வழிகளாலும் எழுத்தெழுத்தாக வாசித்துவிடலாம்.

இவ்வாறு வாசித்தபோது கண்டதென்ன? 2008ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, ஆசியாவில் ஒன்றல்ல, நான்கு பொமேசியா இனங்கள் குடியேறியுள்ளன எனக் காட்டியது. வாய்க்கால் நத்தையும் இன்சுலாரம் எனப்பட்ட நத்தையும் பரவலாகக் காணப்பட்டன. ஸ்கலாரிஸ் என்னும் மூன்றாவது இனம் தாய்வானிலே காணப்பட்டது. நான்காவதாகிய டிபியூசா எங்கே காணப்பட்டது தெரியுமா? எமது இலங்கையிலே! மீன்தொட்டி அலங்காரத்துக்காக உலகெங்கும் விற்கப்படும் இனம் அது. மேலும், அந்த ஆய்வின்படி இந்நத்தைகள் ஆசியாவுக்கு ஒரே முறையில் ஒரே இடத்திலிருந்து வந்தவையல்ல. தென்னமெரிக்காவின் பல இடங்களிலிருந்து பல தடவை வந்தவை. திருடன் ஒரு கதவால் வந்தான் என நினைத்து அதனைப் பூட்டிவிட்டு உறங்கிய வீட்டுக்காரர், கதவுகள் பல திறந்திருந்தமையைப் பின்னரே உணர்ந்தனர்.

2012ஆம் ஆண்டில் மற்றுமோர் ஆராய்ச்சி இவ்விரு பெரும் பகைவரின் பெயர்க்குழப்பத்தைத் தீர்த்தது. ஆராய்ச்சியாளர் டி.என்.ஏ.யை மட்டும் நோக்கவில்லை. நூதனசாலைகளிலே நெடுங்காலமாகக் காக்கப்பட்ட பழைய ஓடுகளைத் தேடிப் பார்த்தனர், நத்தைகளை அறுத்து உள்ளுறுப்புகளை ஆராய்ந்தனர், முட்டைகளை எண்ணினர். இன்சுலாரம், கிகாஸ் என்பனவெல்லாம் 1810இல் பெரி பெயரிட்ட புள்ளி நத்தையே என முடிவாயிற்று. முந்திய பெயரே நிலைக்கும் என்பது விலங்கியல் விதி. வாய்க்கால் நத்தைக்கும் புள்ளி நத்தைக்கும் அந்தப் பார்கோட் துண்டிலே சராசரி 13.5 சதவீத வேறுபாடு காணப்பட்டது. அஃதாவது, நூறு எழுத்துகளில் பதின்மூன்று பதினான்கு எழுத்துகள் வேறு. கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகளாகத் தோன்றியவை உண்மையிலே நெடுங்காலத்துக்கு முன் பிரிந்த இரு வமிசத்தவை.

டி.என்.ஏ. இரண்டையும் பிரித்துக் காட்டிய பின்னரே, கண்ணும் தான் பார்க்கவேண்டிய இடத்தைக் கண்டுகொண்டது. புள்ளி நத்தையின் ஓட்டு வாயின் உள்விளிம்பிலே மஞ்சள் முதல் சிவப்பு வரையான நிறம் உண்டு. வாய்க்கால் நத்தைக்கு அது இல்லை. வாய்க்கால் நத்தையின் ஒரு முட்டைக் கொத்திலே சராசரி 260 முட்டைகள். புள்ளி நத்தையின் கொத்திலே, அளவிற் சிறியவையாக, 1500க்கும் மேல். நெல்லின் இலையடிச் சவ்வைப் போல, இவை எப்போதும் அங்கே இருந்தவைதாம்.

இங்கே பெரியோர் ஒருவர் எழுந்து, ‘தம்பி, இரண்டும் நெல்லைத் தின்பவைதானே? இரண்டையும் பிடித்து நசுக்குவதை விட்டு, பெயரைப் பற்றி ஏன் இவ்வளவு ஆராய்ச்சி?’ எனக் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். அதற்கு மூன்று விடைகள் கூறுவேன்.

முதலாவது, இரு பகைவரின் பலமும் வேறு. கொத்துக்கு 260 முட்டையிடும் நத்தையை அடக்க வகுத்த திட்டம், 1500 முட்டையிடும் நத்தையிடம் தோற்கலாம். இரண்டாவது, காவல். துறைமுகத்திலே அகப்படும் முட்டையையோ கடுகளவு குஞ்சையோ உருவத்தைக் கொண்டு இன்னதென உறுதியாகக் கூறுதல் அரிது, டி.என்.ஏ.யைக் கொண்டு கூறலாம். 2020ஆம் ஆண்டில் கென்யாவின் முவியா நீர்ப்பாசனத் திட்டத்து நெல்வயல்களிலே இத்தகைய நத்தைகள் தோன்றியபோது, உருவத்தோடு டி.என்.ஏ.யையும் ஆராய்ந்தே அவை வாய்க்கால் நத்தைகள் என உறுதிசெய்யப்பட்டன. இசுப்பெயினின் எபுரோ ஆற்றுக் கழிமுகத்து நெல்வயல்களிலே 2009ஆம் ஆண்டில் காணப்பட்டதோ புள்ளி நத்தை. 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் பொமேசியாச் சாதி முழுவதன் வரவையுமே தடைசெய்தது. வாசலில் நின்று ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிதல் அரிதாயிருக்கும்போது அவ்வாறு செய்தல் அறிவுடைமையே என்பது எனது அபிப்பிராயம்.

மூன்றாவது விடை எமக்கு மிக நெருங்கியது. பெயரறியாது நசுக்குவோன் குற்றமற்றதையும் நசுக்குவான். எமது வயலிலே தொன்றுதொட்டு வாழும் பைலா நத்தை அந்நியப் படையெடுப்பாளனல்ல. அதனை உண்டு வாழும் நத்தைகுத்தி நாரையை எமது குளக்கரைகளிலே பார்த்திருப்பீர்கள். அதன் அலகு நடுவிலே இடைவெளி விட்டு அமைந்திருப்பது இவ்வுணவுக்கேற்பவே. பைலாவின் வாயை மூடும் மூடி சுண்ணாம்புபோற் கடினமானது. பொமேசியாவின் மூடி நகம்போன்றது. பைலா வெள்ளை முட்டைகளை ஈர மண்ணின் குழியில் இடும். நெல்லுக்குப் பகையான பொமேசியாக்கள் நீருக்கு மேலே இளஞ்சிவப்புக் கொத்துகளாக இடும். டிபியூசாவோ பொமேசியாவாயினும், வாய்க்கால் நத்தையைப் போல இளம் பயிரைத் தின்று அழிக்கும் இயல்புடையதன்று. எனவே வேற்று நத்தை ஒன்றைக் கண்டவுடன் ‘நெல் போயிற்று’ எனப் பதறுதலும் தவறு. ‘இது டிபியூசாதானே’ என எல்லாவற்றையும் அலட்சியம் செய்தலும் தவறு. இரண்டுக்கும் மருந்து சரியாக இனங்காணலே.

டி.என்.ஏ.யைப் பற்றி இவ்வளவு புகழ்ந்த நான், அதன் எல்லையையும் கூறாவிடின் நேர்மையாகாது. இழைமணியின் டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருவது. ஆகவே தந்தை வேற்றினத்தவனாயின், அதனைப் பார்ப்பதால் மட்டும் அறிய இயலாது. 2013ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று கலக்கருவிலுள்ள வேறொரு பரம்பரையலகையும் சேர்த்துப் பார்த்தது. அப்போது, ஆசியாவிற் பரவிய வாய்க்கால் நத்தைக்கும் புள்ளி நத்தைக்குமிடையே கலப்பு நிகழ்ந்துள்ளமை தெரியவந்தது. ஏட்டுவமையை மீண்டும் எடுத்தால், இரண்டு மூல ஏடுகளைப் பக்கத்தில் வைத்து இரண்டிலிருந்தும் பார்த்தெழுதிய பிரதி போன்றது இது. அத்தகைய ஏட்டின் ஓரதிகாரத்தை மட்டும் பார்த்து அதன் வமிசத்தைத் தீர்ப்பவன் ஏமாறுவான். மேலும், ஒப்பிடுவதற்காகச் சேர்த்து வைத்துள்ள பதிவுகளிலே யாரோ ஒருவர் பெயரைப் பிழையாக எழுதியிருப்பின், அப்பிழை அதனை நம்புவோர் எல்லோரையும் தொடரும். கருவி பொய் சொல்லாது; ஆனால் கருவிக்குப் பெயர் சொல்லிக் கொடுப்பவன் மனிதனே.

எமது சித்தாந்த நூல்கள் உண்மையை அறியும் வழிகளாகக் காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளைக் கூறுகின்றன. காட்சியிலும் ஐயமும் திரிபும் நேரும் என எச்சரிக்கின்றன. தொலைவில் நிற்பது குற்றியோ மகனோ எனத் தடுமாறுதல் ஐயம். பழுதையைப் பாம்பெனக் கொள்ளுதல் திரிபு. மேலே கூறிய 2012ஆம் ஆண்டு ஆராய்ச்சியை நோக்கும்போது எனக்கு இம்மூன்றும் நினைவுக்கு வந்தன. ஓட்டையும் உறுப்பையும் முட்டையையும் பார்த்தது காட்சி. எழுத்து வேறுபாட்டிலிருந்து வமிசத்தை ஊகித்தது கருதல். முன்னோர் எழுதி வைத்ததையும் நூதனசாலையிற் காத்து வைத்ததையும் ஆராய்ந்து ஏற்றது உரை. மரபணு விஞ்ஞானத்தை எமது முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் எனக் கூறுவது என் கருத்தன்று. அவ்வாறு கூறுதல் இரண்டுக்கும் பெருமை தராது. ஒரு சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறாதே என்னும் ஒழுக்கம் இரண்டுக்கும் பொதுவானது என்றே கூறுகிறேன்.

இனி, எமது கடமை யாது? இளைஞர்களே, வீட்டு மீன்தொட்டி அலுத்துவிட்டால் அதிலுள்ள நத்தையையும் செடியையும் வாய்க்காலிலோ குளத்திலோ கொட்டாதீர்கள். டிபியூசாவைப் போன்ற இனங்கள் நாடு விட்டு நாடு சென்றது இத்தகைய மீன்தொட்டி வியாபாரத்தாலேயே. நீருக்கு மேலே இளஞ்சிவப்பு முட்டைக் கொத்தைக் காண்பீராயின், இடத்தையும் தேதியையும் குறித்துக்கொண்டு, படமெடுத்து, விவசாயத் திணைக்கள உத்தியோகத்தருக்குத் தெரிவியுங்கள். வெறுங்கையாற் தொடாதீர்கள். ஓடுகளைச் சேர்க்கும் பழக்கமுள்ளவர்கள், எங்கே, எப்போது, எந்நீரில் எடுத்தது என்ற சீட்டை அவற்றுடன் வையுங்கள். 1810இல் வைத்த பெயரை 2012இல் மீட்டெடுக்க முடிந்தது, இடையிலே பலர் ஓடுகளையும் குறிப்புகளையும் பேணி வைத்தமையால் அன்றோ?

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் ஊர்க் குளத்திலும் வயலிலும் முன்னர் எத்தகைய நத்தைகள் இருந்தன, எம்மாதத்தில் முட்டையிட்டன, எப்போது குறைந்தன என்பன உங்களுக்கே தெரியும். அவற்றை எங்களுக்குச் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். ஆய்வுகூடம் தரும் எழுத்துத் தொடரோடு உங்கள் அனுபவமும் சேரும்போதுதான் அது இந்நாட்டு வயலுக்குப் பயன்படும் அறிவாகும்.

நெல்லை உண்ணும் நாம், அந்நெல்லைக் காக்கும் அறிவை வேற்று நாட்டார் தேடித் தரட்டும் என்றிருத்தல் தகாது. எமது பல்கலைக்கழகங்களிலே உயிரியல் பயிலும் மாணவர் பலர் உளர். அவருள் சிலராயினும் எமது குளத்து நத்தைகளை எடுத்து, ஓட்டைப் பார்த்து, உள்ளே பார்த்து, எழுத்தையும் வாசித்து, அவற்றுக்குரிய பெயரை ஐயந்திரிபறக் கூறும் நாள் வரவேண்டும். அதற்கு இவ்வுரை ஒருவருக்கேனும் ஆவலூட்டுமாயின் எனது முயற்சி வீண்போகவில்லை என மகிழ்வேன்.